"இந்தக் குதிரை எதுக்கு அங்க போச்சு?" – சொந்த ஆட்டத்தை அலசுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பனில் சாயங்கால நேரம் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். தங்கச்சிமடம், மண்டபத்திலிருந்தும் நாலைந்து பேர் வருவார்கள். கீழக்கரைப் பிள்ளைகள் இரண்டு பேர் போனிலேயே படிக்கிறார்கள். பல வருஷமாகக் கேள்விகள் மட்டும் மாறவே இல்லை. ஆளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிச் சலித்துவிட்டதால் இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

கட்டங்களை வகுப்பில் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன். வெள்ளைக்கு இடது கையிலிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். வெள்ளைப் பக்கத்திலிருந்து மேலே 1 முதல் 8. பலகையைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு படியுங்கள்.

பையன் தோற்றுக்கொண்டே இருக்கிறான். ஓப்பனிங் சரியில்லையோ?

இதைக் கேட்காத பெற்றோர் இல்லை. ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தின் முதல் சில மூவ்களை, குறை சொல்வது சுலபம். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயரில் விற்பதற்கு வகுப்பும் இருக்கிறது.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். கடைசியாகத் தோற்ற பத்து ஆட்டத்தை எடுத்து, ஒவ்வொன்றிலும் 12-வது மூவ் முடிந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். இரண்டு பக்கமும் காய்கள் சமமாக இருக்கின்றனவா? ராஜா கேஸ்லிங் செய்து (ராஜாவையும் யானையையும் ஒரே மூவில் நகர்த்துவது) ஓரமாகப் போய்விட்டாரா? குதிரையும் பிஷப்பும் வெளியே வந்துவிட்டனவா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் ஓப்பனிங் தன் வேலையை முடித்துவிட்டது. தோல்வி அதற்கப்புறம் எங்கேயோ நடந்திருக்கிறது, அங்கே போய்த் தேட வேண்டும்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன்ஷிப்பின் 14-வது ஆட்டம். குகேஷும் டிங் லிரெனும் 6.5–6.5 என்று சமம். வெள்ளை வைத்திருந்த டிங், 55-வது மூவில் யானையை எஃப்2-க்கு நகர்த்தினார். யானைக்கு யானை வெட்டுப்பட்டது, அடுத்து பிஷப்புக்கு பிஷப். மிஞ்சிய ராஜா-சிப்பாய் ஆட்டத்தில் குகேஷ் ஜெயித்து 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அன்றைய ஓப்பனிங்கை இன்றைக்கு யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. உலக சாம்பியன் நிலைமையே 55-வது மூவில்தான் கவிழ்ந்தது. நம் பையன் 23-வது மூவில் கவிழ்ந்ததற்கு முதல் நாலு மூவைத் திட்டி என்ன பயன்?

அப்படியானால் எதை அலசுவது? எங்கே தொடங்குவது?

ஒரு 40 பக்க நோட்டு போதும். ஆட்டம் முடிந்ததும், இன்ஜினை (செஸ் ஆடும் கம்ப்யூட்டர் புரோகிராம்) திறப்பதற்கு முன்னால், ஆட்டத்தின் மூவ்களை இடது பக்கம் எழுத வேண்டும். வலது பக்கம் "ஏன்?" என்று ஒரு பத்தி. எல்லா மூவுக்கும் வேண்டாம். எங்கே தயங்கினாயோ, எங்கே சந்தோஷப்பட்டாயோ, எங்கே வயிற்றைக் கலக்கியதோ, அங்கே மட்டும். நாலைந்து இடம் வரும்.

பொய் எழுதக் கூடாது என்பது ஒன்றுதான் விதி. ஆடும்போது மனதில் ஓடியதைத்தான் எழுத வேண்டும், பிறகு தோன்றிய புத்திசாலித்தனத்தை அல்ல. "மையத்தைக் கட்டுப்படுத்த" என்று ஒருவன் எழுதியிருந்தான். நிஜமாவா என்று கேட்டேன். "இல்ல சார், குதிரை சும்மா நிக்குதேன்னு நகத்துனேன்" என்றான். அந்த இரண்டாவது பதில்தான் நோட்டுக்கு வேண்டியது.

ஒரு பக்கத்தைக் காட்டுகிறேன். எட்டாம் வகுப்புப் பையன், கறுப்புக் காய்.

வெள்ளை இ4, கறுப்பு இ5. குதிரை எஃப்3, குதிரை சி6. பிஷப் சி4, குதிரை எஃப்6. இப்போது வெள்ளைக் குதிரை ஜி5-க்கு வந்து எஃப்7-ஐக் குறிவைக்கிறது. கறுப்பு டி5. வெள்ளைச் சிப்பாய் டி5-ல் வெட்டுகிறது. இங்கே குதிரையால் திருப்பி வெட்டினால் எஃப்7-ல் குதிரையைப் பலிகொடுத்து ராஜாவை நடுவீதிக்கு இழுப்பார்கள். பையனுக்கு அது தெரியும். சரியாகக் குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோனான். பிஷப் பி5-ல் செக், சி6, சிப்பாய் வெட்டு, பி சிப்பாயால் பதில் வெட்டு, பிஷப் இ2-க்கு, எச்6, குதிரை எஃப்3-க்கு, இ4, குதிரை இ5-க்கு. இதுவரை பையன் ஆடிய ஒன்பது மூவிலும் ஒரு பிழை இல்லை.

நோட்டில் "ஏன்" பத்தியைப் பார்த்தால் ஒன்பதுக்கும் ஒரே வார்த்தை: "வீடியோ".

அதற்கு மேல் வீடியோ இல்லை. அடுத்த மூன்று இடத்தில் அவன் எழுதியிருந்தது: "ஒரு சிப்பாய் கம்மி. திரும்ப எடுக்கணும்." அதற்காக ராணியை மூன்று தடவை அலையவிட்டான். அதற்குள் வெள்ளை கேஸ்லிங் செய்து, மற்ற காய்களையும் வெளியே கொண்டுவந்துவிட்டது.

அந்தச் சிப்பாய் தொலைந்துபோனதில்லை, விற்றது. என்ன விலைக்கு விற்றோம் என்பதைப் பலகையிலேயே எண்ணச் சொன்னேன். வெள்ளை ஆடிய பத்து மூவில் ஒரே குதிரை நாலு தடவை நகர்ந்திருக்கிறது, ஒரே பிஷப் மூன்று தடவை. மிச்சம் மூன்றும் சிப்பாய் மூவ். இன்னொரு குதிரை, இன்னொரு பிஷப், ராணி, இரண்டு யானை எல்லாம் முதலில் வைத்த இடத்திலேயே தூங்குகின்றன. ஒரு சிப்பாயைக் கொடுத்துக் கறுப்பு வாங்கியது நேரம். வாங்கிய நேரத்தில் பிஷப்பைக் கொண்டுவந்து, கேஸ்லிங் செய்து, ராஜா மேல் பாய வேண்டும். இவனோ விற்ற மீனை ஏலக்கூடத்தில் திரும்பக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான்.

இன்ஜினிடம் காட்டியிருந்தால் "11-வது மூவ் தப்பு" என்று மட்டும் சொல்லியிருக்கும். எந்த நினைப்பு தப்பு என்பது இந்த நோட்டில் மட்டும்தான் இருந்தது.

எத்தனை மூவ் மனப்பாடம் செய்ய வேண்டும்?

என் கதையைச் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு போட்டி. சிசிலியன் டிராகன் என்ற ஓப்பனிங்கை 18 மூவ் வரை தலைகீழாகப் படித்துக்கொண்டு போனேன். ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தேன். முதல் சுற்றில் எதிரே ஒரு பெரியவர். இ4 ஆடினார், நான் சி5. அவர் 2-வது மூவாகச் சி3 என்று ஒரு சின்னச் சிப்பாயைத் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

சி3-க்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. 18 மூவில் 17 வீண். அடுத்து டி4 வரப்போகிறது என்பதைக்கூட யோசிக்காமல், பழக்க தோஷத்தில் டி6 ஆடினேன். அவர் டி4 ஆடினார், நான் வெட்டினேன், அவர் சி சிப்பாயால் திருப்பி வெட்டினார். நடுப்பலகையில் அவருக்கு இரண்டு சிப்பாய் ஜோடியாக நின்றன. நான் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி 30 மூவில் முடிந்தேன். சி3-க்கு உடனே டி5 என்று எதிர்த்திருக்கலாம், இல்லையென்றால் குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்து இ4 சிப்பாயைத் தொட்டிருக்கலாம். இரண்டுமே எல்லாருக்கும் தெரிந்த பதில்கள்.

வெள்ளையின் முதல் மூவுக்கு 20 வழி, கறுப்பின் பதிலுக்கு 20 வழி. ஆளுக்கு ஒரு மூவ் முடியும்போதே 400 நிலைகள். இதை மனப்பாடத்தால் துரத்த முடியாது. ஆரம்ப நிலையில் ஏழெட்டு மூவ் போதும் என்பது என் கணக்கு. அந்த ஏழெட்டுக்கும் "ஏன்" சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும் எதிராளி எந்த மூவில் நமக்குத் தெரிந்த பாதையைவிட்டு விலகினார் என்று பார்த்து, அந்த ஒரு இடத்துக்கு மட்டும் ஒரு பதிலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிழிந்த கண்ணியை மட்டும்தானே பின்னுகிறோம், வலையையே தூக்கிப் போடுவதில்லையே. அப்படிச் சேர்த்த பதில் மறக்காது, ஏனென்றால் அதற்கு ஒரு தோல்வி விலையாகப் போயிருக்கிறது.

யூடியூபில் வரும் ட்ராப் (பொறி) எல்லாம் படிக்கலாமா? ரெண்டு ஆட்டம் ஜெயிச்சிட்டான்.

படிக்கலாம். ஆனால் ட்ராப் வேலை செய்யாத நாளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தங்கச்சிமடத்து ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் இரண்டு ஆட்டங்கள் இதற்கு நல்ல உதாரணம்.

முதல் ஆட்டத்தில் அவள் கறுப்பு. இ4 இ5; குதிரை எஃப்3, டி6; பிஷப் சி4, பிஷப் ஜி4; குதிரை சி3, ஜி6. இப்போது வெள்ளை, ராணியைப் பற்றிக் கவலையே படாமல், எஃப்3 குதிரையால் இ5 சிப்பாயை வெட்டியது. ஜி4 பிஷப்புக்கு நேரே ராணி திறந்து கிடக்கிறது. ஒரு விநாடி. டக்கென்று ராணியை எடுத்துவிட்டாள். பிஷப் எஃப்7-ல் வெட்டிச் செக். ராஜா இ7-க்குத்தான் போக முடியும். இன்னொரு குதிரை டி5-ல் வந்து செக்மேட். மூன்று சின்னக் காய்களை வைத்து முடித்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர் லீகால் பெயரில் 18-ம் நூற்றாண்டிலிருந்து சொல்லப்படும் பொறி இது.

நோட்டில் எழுதியிருந்தாள்: "ராணி ஃப்ரீ." எதற்காக ஃப்ரீயாக வைத்தார்கள் என்ற கேள்வி அந்த ஒரு விநாடியில் வரவில்லை. வந்திருந்தால் டி6 சிப்பாயால் குதிரையை வெட்டியிருப்பாள். வெள்ளை ராணி ஜி4 பிஷப்பை எடுத்துக்கொள்ளும். நஷ்டம் ஒரே ஒரு சிப்பாய், ஆட்டம் நடக்கும்.

அடுத்த வாரம் அதே பொறியைத் தானே வைக்கப் போனாள். வெள்ளைக் காய். எல்லாம் அதே மாதிரி வந்தது, ஒன்றைத் தவிர. எதிராளி 4-வது மூவில் ஜி6-க்குப் பதில் குதிரையைச் சி6-க்குக் கொண்டுவந்திருந்தான். இவள் ஆசையாக இ5-ல் வெட்டினாள். அவன் ராணியைப் பார்க்கவே இல்லை. சி6 குதிரையால் இ5 குதிரையை வெட்டினான். அதே குதிரை இப்போது ஜி4 பிஷப்புக்கும் காவல். ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரை போய்விட்டது.

ஒரே மூவ்தான். எதிரே ஒரு குதிரை எங்கே நிற்கிறது என்பதில் மேதாவித்தனம் முட்டாள்தனமாக மாறிவிட்டது. இந்த இரண்டு பக்கத்தையும் அடுத்தடுத்து ஒட்டிவைத்திருக்கிறாள். நான் நடத்திய எந்த வகுப்பைவிடவும் அவளுக்கு இது அதிகம் சொல்லிக்கொடுத்தது.

சரி, எந்த ஓப்பனிங்தான் ஆடுவது?

என் சொந்தக் கருத்து இது, வேறு ஆசிரியர்கள் வேறு சொல்வார்கள். வெள்ளைக்கு இ4, அதிலும் இத்தாலியன்: குதிரை எஃப்3, பிஷப் சி4. கறுப்புக்கு, இ4 வந்தால் இ5. டி4 வந்தால் டி5, பிறகு இ6. பழைய பாணிதான். ஆனால் ஒவ்வொரு மூவுக்கும் ஒரு குழந்தைக்குப் புரியும் காரணம் இருக்கிறது. லண்டன் சிஸ்டத்தை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. கெட்ட ஓப்பனிங் என்று இல்லை. எதிராளி என்ன ஆடினாலும் அதே ஆறு மூவை ஆடலாம் என்பதால் பிள்ளைகள் எதிர்ப்பக்கத்தைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். வேலைக்குப் போய்விட்டு வந்து ஆடுகிற பெரியவர்களுக்கு அது தோதாக இருக்கும்.

ஏற்கெனவே ஆடிப் பழகியவர்கள் தங்கள் ஆட்டங்களையே கேளுங்கள். லிசெஸ் தளத்தில் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர் இருக்கிறது. அதில் உங்கள் பெயரைக் கொடுத்தால் நீங்கள் ஆடிய ஆட்டங்கள் மட்டும் கிளை கிளையாக விரியும்: இந்த மூவுக்கு எத்தனை வெற்றி, எத்தனை டிரா, எத்தனை தோல்வி என்று. மாஸ்டர்கள் எதை ஆடினார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள். ஆனால் ஐந்து ஆட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வராதீர்கள், குறைந்தது முப்பதாவது சேரட்டும். எண்ணிக்கை மோசமாக இருந்தாலும் உடனே ஓப்பனிங்கை மாற்ற வேண்டாம். மேலே சொன்ன 12-வது மூவ் சோதனையைச் செய்துவிட்டு மாற்றுங்கள்.

ஒன்றையே பிடித்துக்கொள்வதா, மாற்றி மாற்றி ஆடுவதா?

பாம்பன்காரர்களிடம் இதைக் கேட்கக் கூடாது. நமக்கு வடகடல், தென்கடல் என்று இரண்டு. சோழகம் என்ற தென்காற்று வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். வாடைக்காற்று பிறந்தால் தலைகீழ். இரண்டையும் அறிந்தவனுக்கு வருஷம் முழுக்கப் பிழைப்பு. ஆனால் யாரும் இரண்டையும் ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டதில்லை. முதலில் ஒன்றில் ஒரு வருஷமாவது ஆடுங்கள்.

ஆனந்த் பல வருஷமாக இ4 ஆட்டக்காரர் என்றே பெயர் வாங்கியவர். 2008-ல் ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக்குடன் உலக சாம்பியன்ஷிப். கிராம்னிக் இ4-க்குத் தயாராகி வந்திருக்க, ஆனந்த் டி4 ஆடினார். கறுப்பிலும் மெரான் என்ற சிக்கலான கிளைக்கு இழுத்துப்போய் 3-வது, 5-வது ஆட்டங்களை ஜெயித்தார். 6.5–4.5. இரண்டே வருஷம் கழித்து சோஃபியாவில் டோபலோவுடன் 5.5–5.5 என்று நிற்கும்போது, கடைசி ஆட்டத்தில் கறுப்புக் காயுடன் அவர் எடுத்தது இமானுவேல் லாஸ்கர் பெயரில் உள்ள பழைய, கட்டுக்கோப்பான தற்காப்பு. பொறுமை இழந்தது எதிராளிதான். டோபலோவ் தன் ராஜா பக்கத்தைத் தானே திறந்துவிட, ஆனந்த் பட்டத்தைத் தக்கவைத்தார். ஒரு தடவை புயலுக்குள் இழுத்துப் போனார், ஒரு தடவை கரையோரமாகவே போனார். யாரோடு ஆடுகிறோம், எந்த நிலைமையில் ஆடுகிறோம் என்று பார்த்து எடுத்த முடிவுகள் இவை. எரிமலைச் சாம்பலால் விமானம் இல்லாமல் அந்தப் போட்டிக்கு அவர் ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து சாலை வழியாகப் போய்ச் சேர்ந்தார் என்பது தனிக் கதை. பாம்பன் ரயில் பாலம் மூடிக்கிடந்த 2023, 24-ல் போட்டிக்குப் போகப் பஸ் மாறி மாறி அலைந்த என் பிள்ளைகளுக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

இன்ஜினை எப்போது திறக்கலாம்?

நோட்டு எழுதி முடித்த பிறகு. ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜின் இலவசம், எந்த உலக சாம்பியனையும்விடப் பலமானது, போனிலேயே ஓடும். அதனால்தான் ஆபத்து. விடையை முதலில் பார்த்துவிட்டால் கணக்கு தனக்கே தெரியும் என்ற நினைப்பு வந்துவிடும்.

திறந்ததும், யார் எவ்வளவு முன்னால் இருக்கிறார் என்று அது காட்டும் எண்ணை வைத்துச் சண்டை போட வேண்டாம். +0.3-க்கும் +0.6-க்கும் உள்ள வித்தியாசம் நம் அளவு ஆட்டத்தில் ஒன்றுமே இல்லை. எண் எங்கே சடாரென்று விழுகிறது என்று பாருங்கள். சமமாக இருந்தது மைனஸ் 3 ஆனால் அங்கே நிறுத்துங்கள். அந்த இடத்தில் நீங்கள் எழுதிய "ஏன்" என்ன? பெரும்பாலும் நாலு விதம்தான் வரும். பார்க்கவே இல்லை; பார்த்தேன், ஆனால் கணக்கு தப்பிவிட்டது; என்ன செய்வதென்று தெரியாமல் ஏதோ ஆடினேன்; நேரம் இல்லை. முதலாவதற்கு மருந்து தினம் பத்துப் பதினைந்து சின்னப் புதிர்கள். இரண்டாவதற்கு, காயைத் தொடாமல் பார்த்துத் தீர்க்கும் கஷ்டமான புதிர், நாளைக்கு ஒன்றிரண்டு. நாலாவது, ஓப்பனிங்கில் வீணாக யோசித்த நேரத்தின் பாக்கி. மூன்றாவதுதான் உண்மையில் ஓப்பனிங் படிப்போடு சேர்ந்தது. அந்த ஓப்பனிங்கில் பெரிய ஆட்டக்காரர்கள் ஆடிய முழு ஆட்டங்களை, 15-வது மூவுக்கு மேல் என்ன செய்தார்கள் என்று பார்க்கவே, பலகையில் ஆடிப் பார்க்க வேண்டும்.

இன்ஜின் சொன்ன மூவுக்குக் காரணம் புரியவில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள். அது 20 மூவுக்கு அப்பால் எதையோ பார்த்திருக்கும். நமக்கு ஆகாது.

ஒரு மூவ் ஆடுவதற்கு முன் என்னதான் யோசிக்க வேண்டும்? கிராண்ட்மாஸ்டர்கள் இருபது மூவ் முன்னால் பார்ப்பார்களாமே?

சில சமயம் பார்ப்பார்கள். ஆனால் நெதர்லாந்து உளவியலாளர் அட்ரியான் டெ க்ரூட், கிராண்ட்மாஸ்டர்களை உட்காரவைத்து வாய்விட்டு யோசிக்கச் சொல்லிப் பதிவுசெய்து 1946-ல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் சாதாரண நல்ல ஆட்டக்காரர்களைவிட ரொம்ப ஆழமாகக் கணக்குப் போடவில்லை என்று தெரிந்தது. ஆராய எடுத்துக்கொண்ட மூவ்களே நல்ல மூவ்களாக இருந்தன. 1973-ல் அமெரிக்காவில் சேஸ், சைமன் இருவரும் பலகையை 5 விநாடி மட்டும் காட்டி, காய்களைத் திரும்ப அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் கிட்டத்தட்ட 16 காய்களைச் சரியாக வைத்தார், புதியவர் 4. காய்களைக் கன்னாபின்னாவென்று கலைத்துவைத்துக் காட்டியபோது மாஸ்டரும் புதியவரும் ஒன்றாகிவிட்டார்கள். ஞாபகசக்தி அல்ல, பார்த்துப் பழகிய கண். கடல் நிறத்தைப் பார்த்தே மீன் கூட்டம் நிற்கும் இடத்தைச் சொல்கிற ஆட்களை நாம் பார்த்ததில்லையா.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இரண்டே. எதிராளி ஆடியதும், "இதுக்கப்புறம் அவனுக்கு என்ன செக் இருக்கு, எதை வெட்டுவான், எதை மிரட்டுறான்?" பிறகு நமக்கு மனதில் முதலில் வந்த மூவை வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தேடு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒன்றை ஆடு. அதுவரை கை தொடைக்கு அடியில் இருக்க வேண்டும். தொட்ட காயை ஆடியாக வேண்டும் என்பது சட்டம்.

பிளிட்ஸ் ஆடலாமா?

ஆடலாம், கடலை கொறிப்பது மாதிரி. மூன்று நிமிட ஆட்டத்துக்கு "ஏன்" எழுத முடியாது, எழுதினால் "நேரமில்லை" என்று மட்டும்தான் வரும். அலசுவதற்கு 15 நிமிடமும் மூவுக்குக் கூடுதலாக 10 விநாடியும் உள்ள ஆட்டமாவது வேண்டும்.

வயது 38. விசைப்படகில் போகிறேன். இனிமேல் முன்னேற முடியுமா அண்ணே?

தாராளமாக. கிராண்ட்மாஸ்டர் ஆவதைப் பற்றிக் கேட்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகு கரையில் ஏறிக்கிடக்கும், வலை வேலை போக மீதி நேரம் இருக்கும். வாரத்துக்கு மூன்று நீள ஆட்டம், மூன்றுக்கும் நோட்டு. 61 நாளில் 25 ஆட்டம் தாண்டும். உங்கள் தப்பு எந்த விதம் என்று காட்ட அதுவே தாராளம். மீதி வருஷத்துக்கு அந்த ஒரு விதத்துக்கு மட்டும் புதிர் போடுங்கள், கடலில் சிக்னல் வேண்டாத ஆப் நிறைய இருக்கிறது. புது ஓப்பனிங் எதுவும் தொடாதீர்கள். வயதானவர்கள் முதலில் செய்கிற செலவு அதுதான். நானும் செய்தேன்.

ஃபிடே ரேட்டிங் எப்போது வாங்குவது?

அவசரமில்லை. ஃபிடே என்ற உலக செஸ் அமைப்பு நம் ஆட்டத்தின் பலத்துக்குக் கொடுக்கும் எண் அது. ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். 2024 மார்ச்சிலிருந்து பட்டியலே 1400-ல்தான் தொடங்குகிறது. வந்த பிறகு, 200 புள்ளி அதிகமுள்ளவரிடம் நாலு ஆட்டத்தில் ஒரு புள்ளி எடுத்தால் அதுவே எதிர்பார்த்த கணக்குதான். வீட்டில் திட்ட வேண்டாம்.

எனக்குச் செஸ்ஸே தெரியாது. பிள்ளைக்கு எப்படி உதவுவது?

கீழக்கரைப் பையன் ஒருவனுக்கு வாப்பா துபாயில். வெள்ளிக்கிழமை போனில் கூப்பிடும்போது அவன் நோட்டைப் பிரித்து அந்த வாரத்து ஆட்டத்தில் ஒரு இடத்தைப் படித்துக்காட்டுவான். அவருக்கு யானை எப்படிப் போகும் என்பதுகூடத் தெரியாது. "அப்புறம் ஏன் வாப்பா அப்படிச் செஞ்சே?" என்று மட்டும் கேட்பாராம். பதில் சொல்லத் தொடங்கி, பாதியில் "ஓ" என்று நிறுத்திவிடுவதாகப் பையன் சொன்னான்.

பொறியில் விழுந்து, பொறி வைத்தும் விழுந்த தங்கச்சிமடத்துப் பெண்ணின் அம்மா கருவாடு வியாபாரம். மாலையில் மகளைக் கூப்பிட வருவார். பலகை கலைக்காமல் இருந்தால் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார். போன வாரம் ஓரத்தில் ஏ5-ல் நின்ற கறுப்புக் குதிரையை விரலால் காட்டி, "இந்தக் குதிரை எதுக்கு அங்க போச்சு?" என்றார். மகள் பையை மாட்டிக்கொண்டிருந்தவள், பையைத் திரும்பக் கழற்றிவைத்துவிட்டு உட்கார்ந்தாள்.